நிறை பார்க்கிற தராசு

மெய்வல்லுநர் போட்டிக் காலம் வந்தாலே, 1500 மீற்றர் ஓடுகிற பெண்பிள்ளைகளை வரிசையில் விட்டு நிறை பார்க்கிற பழக்கம் எங்கட பக்கத்துப் பயிற்றுநர்கள் சிலரிடம் இருக்கிறது. என் பெறாமகள் இரவில் புட்டைத் தொடுவதில்லை. கேட்டால், "நிறை குறைஞ்சால் நேரமும் குறையுமாம், சேர் சொன்னவர்" என்கிறாள்.

சரி, இந்தக் கணக்கு எங்கே போய் முடியும் என்பதை அமெரிக்காவில் பார்த்தாயிற்று. மேரி கெயின் 17 வயதிலேயே, 2013 மொஸ்கோ உலகப் போட்டியில் 1500 மீற்றர் இறுதிச்சுற்று ஓடியவர். நைக்கி நிறுவனத்தின் 'ஒறிகன் திட்டம்' என்ற ஓட்டப் பயிற்சிக் குழுவில் இருந்தபோது நிறையைக் குறை, இன்னும் குறை என்று பயிற்றுநர்கள் நெருக்கியதாகவும், மூன்று வருடம் மாதவிடாய் நின்றுபோய் ஐந்து எலும்புகள் முறிந்ததாகவும் 2019இல் அவரே வெளியே சொன்னார். ஓட்டத்துக்கு ஏற்ற சாப்பாடு உள்ளே போகாவிட்டால் ஈஸ்ட்ரஜன் என்கிற ஹோர்மோன் இறங்கும், எலும்பு பலமிழக்கும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014இல் இப்படி விளையாட்டுக்குத் தேவையான சக்தி உடம்புக்குக் கிடைக்காமல் போவதற்கு ரெட்-எஸ் (RED-S) என்று பெயர் வைத்தது. பெடியளுக்கும் வரும்.

சேரைத் திட்டவில்லை. வெயிலுக்குள் பிள்ளைகளோடு நிற்கிற மனிதர். ஆனால் மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்று கேட்க ஒரு பெண் பொறுப்பாளர்கூட இல்லாத மைதானத்தில் தராசு மட்டும் எதற்கு? வருகிற கிழமை போய்க் கேட்கத்தான் போகிறேன். அதுவரை ஓடி முடித்த கையோடு இரண்டு கதலி, ஒரு அவிச்ச முட்டை. அதில் பேச்சுக்கே இடமில்லை.