முக்காலி இருந்தது, உட்கார முடியவில்லை

மதுரையில் ஒரு ஜவுளிக்கடையின் சேலைப் பிரிவில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். தீபாவளி நெருங்கினால் எங்கள் பெண்கள் காலையில் கடை திறந்ததிலிருந்து இரவு கதவைச் சாத்தும்வரை நிற்பார்கள். கணுக்கால் வீங்கிவிடும். பல ஆண்டுகள் நின்றவர்களுக்குக் கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு புடைத்திருக்கும்.

கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று கேரளம் 2018-இல் சட்டம் திருத்தியது. தமிழ்நாடு 2021-இல் தன் 1947-ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்தது. நான் முன்பு வேலை பார்த்த கடையிலும் முக்காலிகள் வந்தன. அவற்றின் மேல் சேலைக் கட்டுகளை அடுக்கினார்கள். யாராவது உட்கார்ந்தால் கேமராவில் பார்த்துவிட்டு மேலேயிருந்து போன் வரும்.

இப்போதைய கடையின் மேலாளர் வேறு மாதிரி. பிற்பகலில் கூட்டம் குறைந்ததும், "உட்காருங்கம்மா, ஆள் வந்தால் எழுந்தால் போதும்" என்று அவரே வந்து சொல்வார். ஒருநாள் வாடிக்கையாளர் ஒருவர், "இங்கே எல்லாரும் உட்கார்ந்துதான் இருக்கிறார்கள்" என்று முகம் சுளித்தார். மேலாளர் அங்கே உட்கார்ந்திருந்த பெண்ணை எழுப்பவில்லை. "காலையிலிருந்து நிற்கிறாள் சார், நான் எடுத்துக் காட்டுகிறேன்" என்று தாமே சேலைகளை விரித்தார். அன்று அந்தத் தளம் முழுக்க அதைப் பார்த்தது.

மேயர், ஆலன் என்ற கனடா உளவியலாளர்கள் ஊழியர் ஓரிடத்தில் தங்குவதற்கு மூன்று காரணங்களை 1991-இல் வகுத்தார்கள்: போக மனமில்லாதது, போனால் இழப்பு, போவது முறையல்ல என்ற எண்ணம். ஜவுளிக்கடைகளில் பெரும்பாலும் இரண்டாவதுதான். முன்பணம் வாங்கியிருப்பார்கள், விடுதியில் தங்கியிருப்பார்கள். முதல் காரணத்தை நான் இங்கேதான் கண்டேன். ஒரு பெண்ணுக்கு அவள் அப்பாவின் அறுவை சிகிச்சைக்காக வேலை நேரத்தை மாற்றிக் கொடுத்தார்கள்; அவள், கூடுதல் சம்பளத்துக்கு அடுத்த தெருவிலிருந்து அழைப்பு வந்தும் போகவில்லை.

கனிவாகப் பேசினால் சம்பளத்தை உயர்த்த வேண்டாம் என்று எந்த முதலாளியும் இதைப் படித்துவிட்டு நினைக்கக் கூடாது. அவளுக்குச் சம்பள உயர்வு கேட்டு எழுதியிருக்கிறேன். இந்தத் தீபாவளிக்குச் சாப்பாட்டு நேரம் யாருக்கும் குறையாதபடி முறை மாற்றும் அட்டவணையையும் அதோடு கொடுத்திருக்கிறேன்.