காசிமேட்டில் அதிகாலை ஜெபம்

சபை ஊழியத்துக்கு வரும் பிள்ளைகளிடம் "காலை நாலு மணிக்கு எழுந்து ஜெபம் பண்ணு" என்று சட்டம் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. சென்னையின் மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டில் விடியும் முன்பே மீன் வியாபாரம் சூடுபிடித்துவிடும். அங்கே கூடை தூக்கும் தம்பி எந்த மூலையில் போய் முழங்கால்படியிடுவான்? இயேசு இருட்டோடே எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போனார் (மாற்கு 1:35), சரி. ஆனால் லூக்கா 6:12-ல் இராமுழுவதும் ஜெபித்தாரே! தானியேலோ நாளுக்கு மூன்று வேளை.

மாற்கில் அதற்கு அடுத்த வசனங்களைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறோம். எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்று சீஷர்கள் வந்து நிற்கிறார்கள். அவரோ அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்கிறார். கூப்பிட்ட கூட்டத்தை விட்டுவிட்டுக் கிளம்பும் அந்தத் தெளிவு, தனி ஜெபம் இல்லாத ஊழியருக்கு வருமா? சந்தேகம்தான்.

வேத வாசிப்பைத் தொடங்க சங்கீதம் 119 நல்லது. 176 வசனமா என்று மலைக்க வேண்டாம். எட்டெட்டாக 22 பகுதிகள். நாளைக்கு ஒன்று என்றால், தண்டையார்பேட்டையிலிருந்து பாரிமுனை போகும் பஸ்ஸிலேயே நிதானமாக இரண்டு தடவை வாசித்துவிடலாம்.

அப்புறம் உபவாசம். சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்காதீர்கள். ஏசாயா 58 சொல்கிறபடி, மிச்சமாகும் மதியச் சாப்பாட்டுக் காசு பசித்தவருக்குப் போகட்டும். உபவாச செல்ஃபியை மட்டும் தயவுசெய்து ஸ்டேட்டஸில் போடாதீர்கள், உபவாசத்தை மனுஷர் காணக் காட்டிக்கொள்ளாதே என்று மத்தேயு 6 இருக்கிறது.