எறும்பு ஏறும் மிளகாய்ச் செடி

மிளகாய்ச் செடியின் தண்டில் எறும்புகள் சாரை சாரையாக ஏறுவதைக் கண்டதும் எறும்புப் பொடியைத் தேடுபவர்கள், முதலில் கொழுந்து இலையைத் திருப்பிப் பார்ப்பது நல்லது. அங்கே நடு நரம்பை ஒட்டி, கடுகளவுகூட இல்லாத பச்சை அசுவினிப் பூச்சிகள் கூட்டமாக அமர்ந்து சாறு உறிஞ்சிக்கொண்டிருக்கும். அவை கழிக்கும் இனிப்பான திரவத்துக்காக வரும் எறும்புகள், அசுவினியைத் தின்ன வரும் பொறிவண்டுகளையும் விரட்டிவிடுகின்றன. அத்திரவம் படிந்த இலைகளில்தான் பின்னர் கரும்பூசணம் படர்கிறது.

தொடக்கத்திலேயே கவனித்துவிட்டால், தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பெரும்பகுதி உதிர்ந்துவிடும். அதற்கும் அடங்காவிட்டால், ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து (சோப்பு இல்லாவிடில் எண்ணெய் மேலே மிதக்குமே தவிரக் கலக்காது), இலையின் அடிப்புறம் நனையுமாறு மாலையில் தெளிக்கலாம். உச்சி வெயிலில் தெளித்தால் இலை கருகக்கூடும். பூச்சியைக் கட்டுப்படுத்தும் வேம்பின் வேதிப்பொருளான அசாடிராக்டினும் வெயிலில் விரைவாகச் சிதைந்துவிடும்.

வயலிலும் இதே கதைதான். யூரியாவை அள்ளிக் கொட்டிய பயிரின் இளந்தழையில் அசுவினி மளமளவென்று பெருகும். வரப்போரம் தட்டைப்பயறு விதைத்தால், அதில் சேரும் அசுவினிகளைத் தின்று பொறிவண்டுகள் பெருகிப் பயிருக்கும் காவலாகும். பொறிவண்டின் புழு கறுத்து, முதலைக்குட்டி போல் இருப்பதால், அதையே பூச்சியென்று நசுக்கிவிடுகிறோம் என்பதுதான் வேடிக்கை.