கொண்டை இல்லாத மயில்

நாற்பது யூரோவுக்கு ஒரு தேவியை வாங்கிக்கொண்டு வந்தேன். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் எல்பே ஆற்றங்கரையில் சனிக்கிழமை கூடுகிற பழம்பொருள் சந்தையில் கிடைத்தாள். ரோமானியத் தேவி ஜூனோ, பீங்கான் சிலை, ஒரு சாண் உயரம், காலடியில் அவளுடைய மயில். கவிழ்த்துப் பார்த்தால் நீல நிறத்தில் குறுக்காகப் போட்ட இரண்டு வாள்கள். மைசன்! புகழ்பெற்ற ஜெர்மன் பீங்கான் ஆலை, அந்த வாள்கள்தான் அதன் முத்திரை. விற்றவர் அந்தப் பெயரைச் சொல்லவே இல்லை, நான்தான் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன், அதனால் அவர்மேல் பழி போட வழியில்லை.

வீட்டுக்கு வந்து வாள்களை நகத்தால் தடவினேன். தட்டுப்பட்டது. சரி, அவ்வளவுதான். மைசன் ஆலையில் வழக்கமாக அந்த வாள்களைக் கோபால்ட் நீலத்தில் எழுதி அதன்மேல் மெருகு பூசிச் சுடுவார்கள். மெருகு கண்ணாடியாக உருகி மூடிவிடும், நகத்துக்கு ஒன்றும் தெரியக் கூடாது. என்னுடையது மெருகுக்கு மேலே எழுதியது. 19ஆம் நூற்றாண்டில் இப்படி வாள் போட்ட போலிகள் ஏராளமாக வந்தன.

இந்தத் தெய்வங்கள் பூஜைக்காகச் செய்யப்பட்டவை இல்லை, இனிப்புப் பந்திக்காகச் செய்யப்பட்டவை. அரண்மனை விருந்துகளில் கடைசியில் இனிப்பு வரும்போது மேசை நடுவே சர்க்கரையில் செய்த ஜூபிட்டரும் வீனஸும் நிற்பார்கள். சர்க்கரை எத்தனை விருந்து தாங்கும்? பீங்கான் வந்ததும் அந்த வேலை அதற்குப் போனது. மைசனுக்கு 1731இல் வந்து சேர்ந்த சிற்பி கெண்ட்லர்தான் இதில் பெரிய கை. 1772இல் ரஷ்யப் பேரரசி கேத்தரின் புராணக் கதைச் சிலைத் தொகுதிகள் சுமார் 40 கேட்டபோதும் அவர் வேலையில்தான் இருந்தார். மைசன் இருக்கிற சாக்சனியை ஆண்ட அகஸ்டஸின் பீங்கான் பைத்தியம் இதற்கெல்லாம் முந்தியது. 1717இல் பிரஷ்ய மன்னரிடம் 600 குதிரைப்படை வீரர்களைக் கொடுத்து 151 சீனப் பாத்திரங்களை வாங்கிய ஆள் அவர். அதற்கு என் நாற்பது யூரோ தேவலாம்.

எனக்குப் பிடித்தது செய்முறைதான். களிமண்ணில் செய்த மூல உருவத்தைத் தலை, கை, உடல் என்று துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் தனி பிளாஸ்டர் அச்சு எடுத்து, அச்சிலிருந்து வருகிற துண்டுகளைக் கூழ் போன்ற களிமண்ணால் ஒட்டுவார்கள். காய்ந்து சுடப்படுவதற்குள் உருவம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு சுருங்கிவிடும். சுமார் 1400 டிகிரியில் பீங்கான் இளகுவதால் நிற்கிற உருவம் கால் மடிந்து சாய்ந்துவிடலாம். பல தேவர்களின் காலுக்குப் பின்னால் சம்பந்தமே இல்லாமல் ஒரு மரக்கட்டை முளைத்திருப்பது அதனால்தான். நான் ரொம்ப நாள் அதை ஏதோ குறியீடு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்!

அப்புறம், கள்ளநோட்டு பார்க்கிற புற ஊதா டார்ச்சை ஜூனோ மேல் அடித்துப் பார்த்தேன். பிற்காலத்துப் பசையும் பெயின்ட்டும் அந்த ஒளியில் வேறு நிறத்தில் மின்னும். ஜூனோ உடம்பெல்லாம் ஒரே சீர். புருவத்தை ஒரே இழுப்பில் வரைந்தவர் போலிக்காரராக இருந்தாலும் கை நல்ல கை. மயிலின் கழுத்தைச் சுற்றி மட்டும் ஒரு வளையம் பளிச்சென்று தெரிந்தது. தலை ஒட்டுப்போட்டது. உற்றுப் பார்த்தால் அந்தத் தலையில் கொண்டையே இல்லை, அலகு வேறு தட்டையாக இருக்கிறது. வாத்தாகத்தான் இருக்க வேண்டும்.