முன்பல்லின் பின்பக்கம்

பல் கூச்சம் என்று வருகிறவர்களில் நிறையப் பேர் பிரஷ்ஷைப் போட்டு அழுத்தித் தேய்த்துக் கெடுத்துக்கொண்டவர்கள். பாளையங்கோட்டையில் கிளினிக் வைத்த புதிதில் இப்படியே பார்த்துப் பார்த்து, யார் கூச்சம் என்றாலும் ஒரு பேஸ்ட்டை எழுதிக் கொடுத்து, "மெதுவா தேய்ங்க" என்று அனுப்புகிற பழக்கம் எனக்கு வந்துவிட்டது. அப்படித்தான் ஒரு கல்லூரி மாணவி விஷயத்தில் கோட்டை விட்டேன்.

மேல் முன்பற்களின் ஓரம் மெலிந்து லேசாக உடைந்திருந்தது. "எப்பப் பாத்தாலும் ஐஸ் தண்ணிதான் குடிக்கா டாக்டர்" என்றார் அம்மா. நானும் உடைந்த இடத்தை அடைத்து அனுப்பிவிட்டேன். ஒரு வருஷம் கழித்து வந்தபோது அடைத்தது அப்படியே இருக்கிறது, சுற்றியிருந்த பல்தான் கரைந்து போயிருக்கிறது. வற்றின குளத்தில் பாறை துருத்திக்கொண்டு நிற்குமே, அந்த மாதிரி.

அப்போதுதான் கண்ணாடியைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தேன். கோலா மாதிரி குடித்துக் கரைகிற பல் பெரும்பாலும் வெளிப்பக்கம் கரையும். வயிற்று அமிலம் மேலே வந்தால் அண்ணத்துப் பக்கம் வழவழவென்று தேயும், கீழ்ப்பற்களை நாக்கு ஓரளவு மூடிக் காப்பாற்றிவிடும். அமிலத்தை அளக்கிற பிஎச் எண் குறையக் குறையக் காரம் கூடும். பல்லின் மேல்தோடான எனாமல் கரைய பிஎச் 5.5 போதும், வயிற்று அமிலமோ 1, 2 என்கிற கணக்கு. படிக்கும்போது இரண்டு மார்க் கேள்வியாகப் பார்த்தது! நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கும் இப்படி வரும் என்பதால் பல்லை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது, சரி. ஆனால் அவளுக்குக் காதுக்குக் கீழே பொன்னுக்கு வீங்கி வந்ததுபோல இரண்டு பக்கமும் உப்பியிருந்தது, வலது கை விரல் முட்டியில் காய்ப்பு. அளவில்லாமல் சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுத்து வெளியேற்றுகிற புலிமியா என்கிற நோயைப் பற்றி 1979இல் எழுதிய மனநல மருத்துவர் ஜெரால்ட் ரஸ்ஸல் சொன்ன அதே அடையாளம். விரலை விட்டு வாந்தி எடுக்கும்போது பல் உரசி உரசி வருவது.

அம்மா பக்கத்தில் நிற்கும்போதே "வாந்தி எடுக்கிறியாம்மா?" என்று கேட்டுத் தொலைத்தேன். அவர் முந்திக்கொண்டார். "அதெல்லாம் இல்ல டாக்டர், நல்லா சாப்பிடுதா. நேத்து கல்யாண வீட்டுல கேட்டு வாங்கி சாப்பிட்டா." அவர் பொய் சொல்லவில்லை. பட்டினி கிடந்து எலும்பும் தோலுமாகப் போனால் ஊரே கேட்கும். இதில் எடை பல சமயம் சரியாகவே இருக்கும், தட்டு காலியாகும், அப்புறம் பாத்ரூம் கதவு சாத்தப்படும். அவள் இல்லை என்று தலையாட்டினாள். அதன் பிறகு வரவே இல்லை.

பல் போனால் கட்டிக்கொள்ளலாம். எனக்குப் பயம் பொட்டாசியத்தை நினைத்து. திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால் ரத்தத்தில் அது இறங்கும், லிட்டருக்கு 3.5 மில்லிமோலுக்குக் கீழே போனாலே குறைவு, ரொம்ப இறங்கினால் இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றும் போகலாம். அவளுக்கு ஒரு ரத்தப் பரிசோதனைகூட எழுதிக் கொடுக்கவில்லை நான்.

இப்போதெல்லாம் இப்படிச் சந்தேகம் வருகிறவர்களை எக்ஸ்ரே அறைக்குக் கூட்டிப் போய்விடுவேன். துணைக்கு வந்தவரை வெளியே நிறுத்த அதைவிட நல்ல சாக்கு இல்லை. ஏன், எப்போதிலிருந்து என்று எதையும் கேட்பதில்லை. "வாந்தி வந்தா உடனே பிரஷ் பண்ணக் கூடாது, பல் சீக்கிரம் தேஞ்சிரும். தண்ணியில கொஞ்சம் ஆப்ப சோடா கலந்து கொப்புளிங்க" என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொல்கிற மாதிரி சொல்வேன்.

போன வருஷம் ஜிம்முக்குப் போகிற பையன் ஒருவன், 19 வயது, அப்பாவோடு வந்தான். (பெண்களுக்குத்தான் வரும் என்று நானும் நினைத்திருந்தேன்.) சொன்னதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். அப்புறம், "எவ்வளவு நேரம் கழிச்சு பிரஷ் பண்ணலாம் டாக்டர்?" என்றான்.

"அரை மணி நேரமாவது போகணும் தம்பி" என்றேன். எக்ஸ்ரே எப்போதோ எடுத்து முடிந்திருந்தது, இரண்டு பேரும் நகரவில்லை.

ரத்தப் பரிசோதனை, மனநல மருத்துவர் எல்லாம் அவன் சம்மதித்த பிறகு ஒவ்வொன்றாக நடந்தது, சுலபமாக இல்லை. வாந்தி நிற்காமல் கேப் போட்டால் அதன் ஓரத்திலும் பல் கரையும் என்பதால் தள்ளி வைத்திருக்கிறேன். போன வாரம் எடுத்த அச்சையும் முதல் நாள் அச்சையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வித்தியாசம் தெரியவில்லை. கேப் எப்போது போடலாம் என்று நச்சரிக்கிறான்.