தங்கிக்கொள்ளவா என்று கேட்காதவன்: ‘நார்மல் பீப்பிள்’ படித்த நாட்கள்

மார்ச் 3, செவ்வாய்

சாலி ரூனியின் ‘நார்மல் பீப்பிள்’ ஒருவழியாகக் கையில் எடுத்தாயிற்று. 2018இல் வந்த நாவல், 2020இல் பன்னிரண்டு பகுதித் தொடராகவும் வந்து எல்லோரும் பார்த்துத் தீர்த்துவிட்டார்கள், நான் மட்டும் பாக்கி. அயர்லாந்தின் மேற்கே ஸ்லைகோ பக்கம் ஒரு சின்ன ஊர், 2011 ஜனவரி. மரியானின் பெரிய வீட்டில் கானலின் அம்மா லொரெய்ன் வீட்டு வேலை செய்கிறார். அம்மாவைக் கூட்டிப்போக வந்தவன் சமையலறையில் நிற்கிறான், மரியான் சாக்லேட் ஸ்ப்ரெட்டை ஸ்பூனால் அள்ளிச் சாப்பிட்டபடி பேச்சுக் கொடுக்கிறாள். பள்ளிக்கூடத்தில் இவனை எல்லோருக்கும் பிடிக்கும், அவளை ஒருவரும் சேர்த்துக்கொள்ளமாட்டார்கள். ஆனால் சம்பளம் கொடுப்பது அவள் வீடு. மூன்றே பக்கத்தில் இவ்வளவும் வந்துவிட்டது, எங்கேயும் விளக்கம் சொல்லி உயிரை வாங்கவில்லை.

வசனத்துக்கு மேற்கோள் குறி போடாமல் எழுதியிருக்கிறார். எது பேச்சு, எது நினைப்பு என்று முதல் அரைமணி நேரம் தடுமாறினேன், அப்புறம் பழகிவிட்டது.

மார்ச் 5, வியாழன்

ரகசியமாகப் பழகுகிறார்கள், ரகசியம் வேண்டும் என்பவன் அவன்தான். பள்ளி முடியும்போது நடக்கும் நடன விருந்துக்கு வேறொரு பெண்ணைக் கூப்பிட்டுவிட்டு, அதை அம்மாவிடம் சாதாரணமாகச் சொல்கிறான். லொரெய்ன் காரை நிறுத்தச் சொல்லி, பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்று இறங்கிவிடுகிறார். அந்த வீட்டில் தரை துடைக்கும் பெண்தான் அந்த வீட்டுப் பெண்ணுக்காக மகனைப் பார்த்து வெட்கப்படுகிறார். நாவலிலேயே எனக்கு மிகப் பிடித்த ஆள் இவர்தான் என்று இப்போதே எழுதி வைக்கிறேன், பின்னால் மாறாது என்று நினைக்கிறேன்.

மார்ச் 8, ஞாயிறு

இன்றைக்கு உட்கார்ந்து நூறு பக்கத்துக்கு மேல் படித்தேன். இருவரும் டப்ளின் டிரினிட்டி கல்லூரிக்கு வந்துவிட்டார்கள், நிலைமை தலைகீழ். அங்கே அவளைச் சுற்றிக் கூட்டம், இவனுக்கோ எந்தச் சட்டை போடுவது என்பதுகூடக் குழப்பம். ஆனால் நான் எழுத நினைத்தது கோடை விடுமுறைக் கட்டத்தைப் பற்றி.

கானலுக்கு உணவகத்தில் வேலை நேரம் குறைந்துபோய் வாடகை கொடுக்க வழியில்லை. எப்படியும் பாதி ராத்திரிகள் மரியானின் குடியிருப்பில்தான் இருக்கிறான், அதுவும் அவள் குடும்பத்துச் சொந்த வீடு. ‘விடுமுறை முடியும்வரை இங்கே தங்கிக்கொள்ளவா’ என்று ஒரு வரி கேட்டால் போதும். அவனால் முடியவில்லை. இவள் அம்மா தன் அம்மாவுக்குக் கொடுக்கும் கூலிதான் சுற்றி வந்து தன் கைக்கு வருகிறது, அதையே இவளுக்குச் செலவழிக்கிறோம் என்பது அவனுக்குத் தெரியும், இருவரும் அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. கடைசியில் ஊருக்குப் போகிறேன் என்கிறான், நீ வேறு யாரையாவது பார்த்துக்கொள்வாய் போல என்று உளறுகிறான். தன்னை விட்டுப் போகத்தான் வழி தேடுகிறான் என்று அவள் எடுத்துக்கொள்கிறாள். முடிந்தது.

காதல் கதைகளில் இந்த ‘ஒரு வார்த்தை பேசியிருந்தால் தீர்ந்திருக்கும்’ சமாச்சாரம் எனக்கு எப்போதும் எரிச்சல், கதையை இழுக்க எழுத்தாளர் பூட்டும் பூட்டு என்றுதான் தோன்றும். இங்கே அப்படித் தோன்றவில்லை. கல்லூரி இரண்டாம் வருடம் பாக்கி கட்டவில்லை என்று மெஸ்ஸில் சாப்பாட்டை நிறுத்தியபோது, பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவனிடம் இருநூறு ரூபாய் கேட்க வாய் வராமல், ஊருக்குப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு மூன்று நாள் டீயும் பன்னுமாக ஓட்டியவன் நான். கேட்டிருந்தால் அவன் கொடுத்திருப்பான், கேட்க முடியாததற்குக் காரணமே அதுதான்.

மார்ச் 9, திங்கள்

ஆபீஸ் இழுத்துவிட்டது. பத்துப் பக்கம்தான். கானல் நூலகத்தில் ஜேன் ஆஸ்டினின் ‘எம்மா’ படித்துக்கொண்டிருக்கையில், நைட்லி எம்மாவை விட்டுவிட்டு ஹாரியட்டைக் கட்டிக்கொள்வாரோ என்ற இடத்தில் நூலகத்தை மூடிவிடுகிறார்கள், அவன் பதறிப்போய் வீட்டுக்கு நடக்கிறான். இது நேற்றே வந்த இடம்தான், பஸ்ஸில் நினைத்துச் சிரித்தேன்.

மார்ச் 12, வியாழன்

இரண்டாம் பாதி சறுக்குகிறது. ஏன் என்று இரண்டு நாளாக யோசித்ததில் ஒன்று பிடிபட்டது. டிரினிட்டியின் உதவித்தொகைத் தேர்வில் இருவருமே தேறுகிறார்கள். அவளுக்கு அது கௌரவம், அவனுக்கு வாடகை, கல்விக் கட்டணம், சாப்பாடு எல்லாம் தீர்ந்துபோகிற விஷயம். அவன் ஐரோப்பா சுற்றக் கிளம்பிவிடுகிறான். பணம் திடீரென்று உலகத்தை நிஜமாக்கிவிடுகிறது என்று அவன் நினைக்கிற இடம் பிரமாதம். ஆனால் இருவரையும் பிரித்து வைத்திருந்ததே அந்தப் பணம்தானே? அது போனதும் பிரித்து வைக்க நாவலுக்கு வேறு ஏதாவது தேவைப்படுகிறது. அதற்கு மரியானின் துன்பத்தைக் கொண்டுவருகிறார்.

அண்ணன் ஆலன் அடிக்கிறான், அம்மா டெனிஸ் கண்டுகொள்ளாமல் இருக்கிறார். சரி, இப்படிக் குடும்பங்கள் உண்டு. ஆனால் லொரெய்னை ஒரு காட்சியில் உயிரோடு நிறுத்தத் தெரிந்தவர், இந்த இருவருக்கும் மனசு என்று ஒன்றைக் கொடுக்கவே இல்லை, வந்தால் கொடுமை செய்கிறார்கள், அவ்வளவுதான். அப்புறம் ஜேமி, ஸ்வீடனில் லூகாஸ் என்று அவள் பழகும் ஆண்களிலும் மரியானைக் காயப்படுத்த வரிசையாக ஆள் வருகிறார்கள். அவள் வலியைத் தேடிப் போகிறாள், ஏனென்றால் வீட்டில் வலி. இவ்வளவு நேர்க்கோடா? கானலைப் பற்றி ஒரு காரணம் சொன்னால் அதற்கு எதிராக இன்னொன்றும் சொல்லும் எழுத்தாளர், மரியான் விஷயத்தில் மட்டும் ஒரே காரணத்தோடு நின்றுவிடுகிறார். அவள் எவ்வளவு ஒல்லி என்று எத்தனை தடவைதான் சொல்வார்!

அத்தியாயத் தலைப்பில் மாதத்தையும் ஆண்டையும் போட்டுத் தாண்டித் தாண்டிப் போவது முதலில் சுறுசுறுப்பாக இருந்தது. இப்போது ஒவ்வொரு அத்தியாயமும் ‘நடுவில் நடந்தது என்னவென்றால்’ என்று பின்னால் போய்விட்டுத்தான் நகர்கிறது.

மார்ச் 14, சனி

முடித்தாயிற்று. வியாழக்கிழமை எழுதியதில் கொஞ்சம் திருத்தம்: பள்ளி நண்பன் ராப் தற்கொலை செய்துகொண்ட பிறகு கானல் மனநல ஆலோசகரிடம் போகும் அத்தியாயம் இரண்டாம் பாதியில்தான் இருக்கிறது. படிவத்தில் டிக் அடித்துவிட்டு உட்கார்ந்திருப்பவன், ஊரை விட்டு வந்தால் வேறு வாழ்க்கை கிடைக்கும் என்று நினைத்தேன், இங்கேயும் பிடிக்கவில்லை, இனி அங்கேயும் போக முடியாது என்று சொல்லி அழுகிறான். படிப்புக்காக ஊரை விட்டவர்கள் இதை நின்று நிதானமாகப் படிக்க முடியாது. நடுவில் கானலுக்குக் காதலியாக வரும் ஹெலன்தான் பாவம். நல்ல பெண், கதைக்குத் தேவை முடிந்ததும் ரூனி கழற்றிவிட்டார்.

முடிவு 2015 பிப்ரவரி. நியூயார்க்கில் எழுத்துப் படிப்புக்கு அவனுக்கு இடம் கிடைக்கிறது, நீ போ என்கிறாள். சேர்வார்களா மாட்டார்களா என்று சொல்லாமல் விட்டதைப் பலர் குறையாகச் சொல்வார்கள், எனக்கு அதில் வருத்தமில்லை. என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு: அதற்கு விண்ணப்பித்த சங்கதியையே அவன் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. வெட்கமாம். பணம் வந்துவிட்டது, நான்கு வருடம் ஓடிவிட்டது, பயல் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

தொடரை இன்று ராத்திரி ஆரம்பிக்கப் போகிறேன். லொரெய்ன் காரை விட்டு இறங்கும் இடம் வரைக்கும் மட்டுமாவது.