குன்னூர்ப் பக்கத்து நினைவுக்கல்: கழுவுவதிலிருந்து மலர்வளையம் வரை

வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்டின் போர் நினைவுச்சின்னம் இருப்பது ராணுவப் பகுதிக்குள். ஊட்டிக்குச் சுற்றுலா வந்த வழியில் இறங்கிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தால் வாசலிலேயே திரும்ப வேண்டியிருக்கும். உள்ளே போக நினைக்கிறவர்கள் முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். படைப்பிரிவில் பணியாற்றியவரோ அவர் குடும்பத்தாரோ என்றால் சர்வீஸ் நம்பரையும் பட்டாலியன் பெயரையும் கடிதத்திலேயே குறிப்பிடுவது நல்லது. டிசம்பர் 16, 1971 போர் வெற்றியை நினைவுகூரும் விஜய் திவஸ் அன்று அங்கே மலர்வளையம் வைப்பார்கள். 1758-இல் வேர்விட்ட படைப்பிரிவு அது. ‘வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு’ என்ற அதன் போர்முழக்கம் தெரியாத வீடு இந்தப் பக்கத்தில் குறைவு.

அந்தப் போரில் ராணுவத்தின் தலைமைத் தளபதியாக இருந்த ஃபீல்டு மார்ஷல் மானெக்‌ஷா 2008 ஜூன் 27 அன்று வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் காலமானார். ஊட்டி பார்சி மயானத்தில், மனைவியின் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அது ஒரு சமூகத்தின் சொந்த இடம். கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும், படம் எடுக்கும் இடமாக நினைத்துப் போகக் கூடாது.

பெரிய சின்னங்களைப் பராமரிக்க ராணுவம் இருக்கிறது. ஊருக்குள், ஹட்டி (படகர் ஊர்) முகப்பில், பள்ளிக்கூடச் சுவரில், தேவாலயத்துக்குள் இருக்கும் சின்னக் கற்களுக்கும் பலகைகளுக்கும் ஊர்க்காரர்கள்தான் கதி. முதல் உலகப் போருக்கு இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் திரும்பவில்லை என்று சொல்லும் கற்கள் நாடு முழுக்க எத்தனையோ கிராமங்களில் இன்னும் நிற்கின்றன. அவற்றைக் கெடுப்பது அலட்சியத்தைவிட அவசரச் சுத்தம்தான். ஆகஸ்ட் 15-க்கு இரண்டு நாள் முன்னால் ஆசிட் பாட்டிலும் கம்பி பிரஷுமாக இறங்குவார்கள். ஒரே மணி நேரத்தில் கல் பளிச்சென்று ஆகிவிடும். எழுத்தின் விளிம்பும் கூடவே போய்விடும்.

மலைக்காற்றில் கல்மேல் படிவது இரண்டு வகை. பச்சையாக வழுக்குவது பாசி, தண்ணீரிலேயே போய்விடும். வெள்ளையாகவோ மஞ்சளாகவோ பொரிந்து ஒட்டியிருப்பது கற்பாசி. அது கல்லுக்குள்ளேயே பிடித்து வளர்வது. காய்ந்த நிலையில் சுரண்டினால் கல்லின் மேல்தோலும் சேர்ந்து உரியும். முதலில் ஈரத்துணியைப் போர்த்திக் கால் மணி நேரம் ஊறவிட வேண்டும். பிறகு மூங்கில் சிம்பால் மெதுவாக நெம்பி எடுத்து, மென்மையான நைலான் பிரஷால் தேய்க்கலாம். கழுவுவதைக் கீழிருந்து தொடங்கி மேலே போங்கள். மேலிருந்து தொடங்கினால் அழுக்குத் தண்ணீர் காய்ந்த கல்லில் கோடு கோடாக இறங்கி, அந்தக் கோடு நின்றுவிடும். நாலடிக் கல்லுக்கு மூன்று வாளி தண்ணீரும் ஒரு காலைப் பொழுதும் போதும். ஒரே நாளில் எல்லாம் போகாது, போக வேண்டியதும் இல்லை.

சலவைக்கல் பலகையில் ஆசிட், வினிகர், எலுமிச்சை எதுவும் படக் கூடாது. சுண்ணாம்புச் சத்துள்ள கல்லை அவை கரைத்துவிடும். பிளீச்சிங் பவுடரையும் ஆசிடையும் ஒரே இடத்தில் ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும், கல்லோடு ஆளுக்கும் ஆபத்து. கம்பி பிரஷ் விட்டுப்போகும் இரும்புத் துகள் அடுத்த மழையில் துருக்கறையாக இறங்கும். பித்தளைப் பலகையை மாதாமாதம் பாலிஷ் போட்டு மின்ன வைப்பதும் வேண்டாம். ஒவ்வொரு தேய்ப்பிலும் எழுத்து கொஞ்சம் மழுங்குகிறது. ஆண்டுக்கு ஒரு முறை போதும். சுற்றியுள்ள கல்லில் பாலிஷ் ஏறி வெள்ளைக் கறையாகாமல் இருக்க விளிம்பில் காகித டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.

பழைய கல் மேடை சுண்ணாம்புக் காரையில் கட்டியதாக இருந்தால் விரிசலைச் சிமென்டால் அடைக்கவே கூடாது. காரை ஈரத்தை வெளியே விடும், சிமென்ட் விடாது. உள்ளே தங்கும் தண்ணீர் கல்லையே அரிக்கும். உறைபனி விழும் பள்ளத்தாக்குகளில் அது உறைந்து விரிந்து கல்லைப் பிளந்தும் விடும்.

எழுத்துக்கு வண்ணம் தீட்டக் காலம் பார்க்க வேண்டும். குன்னூர்ச் சரிவில் பெருமழை அக்டோபர், நவம்பரில்; டிசம்பரிலும் நம்ப முடியாது. விஜய் திவஸுக்கு முந்தின வாரம் பூசிய எனாமல், மூடுபனி பட்டு வெளுத்துப் பூத்துப்போவதற்குக் காரணம் இதுதான். பிப்ரவரியிலோ மார்ச்சிலோ, வெயில் ஏறிய பிறகு ஆரம்பித்து மூன்று மணிக்குள் நிறுத்திவிடுங்கள்.

புதிதாகப் பெயர் சேர்ப்பது இதையெல்லாம்விடக் கவனம் கேட்கும் வேலை. கல்லில் விழுந்த பிழையைத் திருத்த முடியாது. ரெசின் வைத்து அடைத்து மறுபடி வெட்டினால் வடு தெரியும். பெயர், இனிஷியல், ரேங்க், சர்வீஸ் நம்பர், பட்டாலியன் எல்லாவற்றையும் டிஸ்சார்ஜ் புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும். பழைய பதிவுகளில் ஆங்கிலத்தில் எழுதிய ஊர்ப்பெயரை அப்படியே தமிழாக்கினால் வேறு ஊராகிவிடும். கல்லின் அளவுக்கே காகிதத்தில் அச்சடித்து, வீட்டாரிடம் கொடுத்து, வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். கண் விட்டதைக் காது பிடிக்கும்.

மலர்வளையத்துக்குத் தெர்மாகோல் அடிப்பாகம் வேண்டாம். இந்த மாவட்டத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருப்பது ஒரு பக்கம். வைத்துவிட்டுக் கை எடுத்ததும் காற்று அதைத் தூக்கிக்கொண்டு போவது மறுபக்கம். மூங்கில் சிம்பை ஒன்றரையடி வட்டமாக வளைத்து, ஈரச் சாக்கைச் சுற்றி, சைப்ரஸ் தழையும் செவ்வந்தியும் செருகினால் கனமாக உட்காரும். முந்தின இரவு வெளியே வைத்தால் நீர்ப்பனியில் இதழ் கறுத்துவிடும். தாழ்வாரத்துக்குள் வையுங்கள்.

நிகழ்ச்சியை ஏழு மணிக்கு வைக்காதீர்கள். வருகிறவர்களில் பாதிப் பேர் எழுபதைத் தாண்டியவர்கள், வெளி ஹட்டிகளிலிருந்து பஸ் பிடித்து வர வேண்டியவர்கள். ஒன்பதரை சரியாக இருக்கும். முதல் வரிசை நாற்காலிகள் வீரமரணம் அடைந்தவர்களின் தாய்க்கும் மனைவிக்கும், பிறகுதான் பிரமுகர்கள். முதல் மலர்வளையமும் அவர்கள் கையால் வைப்பதே முறை என்பது என் கருத்து. பியூகிள் வாசிக்க ஆள் இல்லாமல் அஞ்சலி இசையான ‘லாஸ்ட் போஸ்ட்’டைப் போனில் போடுவதானால் போனை ஏரோபிளேன் மோடில் வையுங்கள். மௌனத்தின் நடுவில் யாரோ கூப்பிட்டுவிட்டால் அந்த இரண்டு நிமிடம் திரும்ப வராது. கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிடச் சொல்லி அரசு அறிவித்த நாளானால், முதலில் உச்சிவரை ஏற்றி, பிறகுதான் பாதிக்கு இறக்க வேண்டும்; மாலையில் இறக்கும்போதும் ஒருமுறை உச்சிக்குப் போய் வர வேண்டும்.

இந்த ஊரும் ராணுவமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. 2021 டிசம்பர் 8 அன்று காட்டேரிக்குப் பக்கத்தில் நஞ்சப்பசத்திரத்தில் முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத் சென்ற ஹெலிகாப்டர் விழுந்தபோது முதலில் ஓடியவர்கள் அங்குள்ள மக்கள். காயம்பட்டவர்களைத் தூக்க வீட்டிலிருந்த கம்பளிகளைக் கொடுத்தார்கள். பதினான்கு பேரில் பதின்மூன்று பேர் அன்றே இறந்தார்கள். குரூப் கேப்டன் வருண் சிங் ஒரு வாரம் கழித்துப் பெங்களூரில் இறந்தார்.

மலர்வளையம் வைத்ததும் கலைந்து போய்விடாமல் டீயும் வர்க்கியும் வைத்து ஒரு மணி நேரம் உட்கார வையுங்கள். எல்லாரும் ஒரே இடத்தில் கிடைக்கும் நாள் அது. பென்ஷனுக்கான உயிர்வாழ் சான்றிதழை அங்கேயே போனில் முடித்துவிடலாம். பல ஆண்டுகள் கொழுந்து பறித்த கைகளில் ரேகை தேய்ந்திருக்கும், குளிரில் தோலும் வறண்டிருக்கும், கைரேகைக் கருவி ஏற்காது. ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டிப் பதிவு செய்யும் வழி இருக்கிறது. வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி வாசற்பக்கம் திருப்பி உட்கார வைத்தால் பெரும்பாலும் முதல் தடவையிலேயே எடுத்துவிடும். ஆதாரையும் பிபிஓ (பென்ஷன் வழங்கும் ஆணை) எண்ணையும் வங்கிப் பாஸ்புக்கையும் கொண்டுவரச் சொல்லி முந்தின வாரமே வீடு வீடாகத் தகவல் சொல்லிவிடுங்கள். மனைவியின் பெயர் ஆதாரில் லட்சுமி என்றும் பிபிஓவில் வேறு எழுத்திலும் இருக்கிறதா என்று அன்றே பாருங்கள். கணவர் உயிரோடு இருக்கும்போது அவர் ஒரு கையெழுத்துப் போட்டால் தொடங்கும் திருத்தம் அது. அவர் போன பிறகு, அந்த அம்மா தனியாக அலுவலகம் அலுவலகமாக ஏற வேண்டியிருக்கும்.